வெளிர் நிறம் நிரந்தரம் என்று யார் சொன்னது?

புது வீடு கட்டுகிறவருக்கும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவருக்கும் இன்று கிடைப்பது ஒரே அறிவுரைதான். சுவருக்கு வெள்ளை அல்லது சாம்பல், தரைக்குப் பளபளக்கும் வெளிர் விட்ரிஃபைடு டைல், தலைக்கு மேல் ஃபால்ஸ் சீலிங். இப்படிச் செய்துவிட்டால் எத்தனை வருஷமானாலும் வீடு பழசாகத் தெரியாதாம். ஆத்தங்குடிக் கல், ரெட் ஆக்சைடு தரை, மொசைக் என்று ஆசைப்பட்டால் அது இப்போதைய மோகம், நாலு வருஷத்தில் அலுத்துவிடுமாம். டைல்ஸ் கடைக்காரர் சொல்கிறார், இன்டீரியர் வேலை எடுப்பவர் சொல்கிறார், வீடு பார்க்க வரும் மைத்துனரும் அதையே சொல்கிறார். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டுகிறவரின் காதில் விழும் இந்தப் பேச்சில் உண்மை குறைவு, சேதம் அதிகம்.

வெளிர் நிறத்துக்கு வயதாகாது என்பது முதல் வாதம். நிறங்களை வகைப்படுத்தும் பேன்டோன் நிறுவனம் 2000 முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நிறத்தை அறிவித்துவருகிறது. 2021ஆம் ஆண்டுக்கு அது தேர்ந்த இரண்டு நிறங்களில் ஒன்று சாம்பல். ஓர் ஆண்டுக்கென்று அறிவிக்கப்பட்ட நிறத்தை எல்லா ஆண்டுக்குமானது என்று எப்படி விற்கிறார்கள்? சாம்பல் சுவர், சாம்பல் சோபா, சாம்பல் டைல் என்று அமைந்த வீட்டைப் பார்த்தாலே அது எந்தக் காலத்தில் முடிக்கப்பட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம். நம் ஊர்களில் வெள்ளை நிலைத்தது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் வேறு. சுண்ணாம்பு மலிவாகக் கிடைத்தது, வெயிலைத் திருப்பி அனுப்பியது, சுவரில் பூஞ்சையை அண்டவிடவில்லை. பொங்கல் வந்தால் வீட்டு ஆட்களே மட்டையும் வாளியுமாக இறங்கி மறுபடி அடித்துவிட முடிந்தது. அந்த வெள்ளை வேலை செய்ததால் நின்றது. கைபட்டால் அழுக்காகி, தொட்டுப் பூசினால் திட்டுத்திட்டாகத் தெரியும் இன்றைய சாம்பல் எமல்ஷனுக்கு அந்தப் பெருமையைத் தூக்கிக் கொடுக்க முடியாது.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. ரெட் ஆக்சைடும் மொசைக்கும் ஒருமுறை வழக்கொழிந்தவை. ஒருமுறை போனது இன்னொருமுறையும் போகும் என்கிறார்கள். ஏன் போயின என்று கேட்டால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

ரெட் ஆக்சைடு தரை போட, சிமெண்டோடு ஆக்சைடு பொடியை எங்கும் ஒரே அளவாகக் கலக்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும். ஒரு அறையை ஒரே மூச்சில் கரண்டியால் இழைத்து முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒட்டு தெரியும். பிறகு நாள்கணக்கில் தண்ணீர் கட்ட வேண்டும், அதுவரை எலக்ட்ரீஷியனோ பெயின்டரோ அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. மொசைக்கிலும் இதே கதைதான். மார்பிள் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பரப்பி, இறுகியபின் மிஷின் வைத்துத் தேய்க்க வேண்டும். வீடு முழுக்கச் சேறும் சத்தமுமாக இருக்கும். அடுக்குமாடிக் கட்டுமானம் பெருகி, சாவி கொடுக்கும் தேதி முக்கியமானபோது, ஒட்டிய மறுநாளே நடக்க முடிகிற டைல் வென்றது. அந்தத் தரைகளை ஒதுக்கியது அதில் நடந்தவர்களின் ரசனையைவிடக் கட்டியவர்களின் அவசரம்தான். சென்னையின் பழைய வீடுகளில் இன்றும் மொசைக் தரைகள் கம்பீரமாக இருக்கின்றன. சில்லு மேல்பூச்சு முழுக்கக் கலந்திருப்பதால், மங்கினால் மறுபடி பாலிஷ் போட்டுக்கொள்ளலாம். இதே சரக்கை இன்று டெரசோ என்ற இத்தாலியப் பெயரில் விலை கூட்டி விற்கிறார்கள்.

பராமரிப்பு இல்லாததுதான் நிலைக்கும் என்பது மூன்றாவது வாதம். விட்ரிஃபைடு டைல் உறிஞ்சும் நீர் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. கறை உள்ளே இறங்காது. நல்ல குணம்தான், மறுக்கவில்லை. ஆத்தங்குடிக் கல்லில் டாய்லெட் கழுவும் ஆசிட் பட்டால் நிறம் போய்விடும், ரெட் ஆக்சைடில் மயிரிழை விரிசல் வரும் என்பதும் மெய். ஆனால் வீட்டுக்குள் பொருள் கெடாமலே இருக்காது. கெட்டபின் என்ன செய்யலாம் என்பதே கேள்வி. குழவி விழுந்து ஒரு விட்ரிஃபைடு டைல் உடைந்தால், கொஞ்ச வருஷம் கழித்துக் கடைக்குப் போய்ப் பாருங்கள். அந்த டிசைனே நின்றுபோயிருக்கும். இருந்தாலும் லாட் மாறி நிறம் சேராது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்து, மேலே மணலும் சிமெண்டும் இட்டு இறுக்குகிறார்கள். பின் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளை கிடையாது, மேல்முகத்தின் வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது. அச்சு இருக்கும்வரை அதே பூவை மறுபடி ஊற்றிவிடலாம். தினமும் துடைக்கத் துடைக்க, நடக்க நடக்க அது மெருகேறும். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையோ, மாடியில் ஒருமுறை தண்ணீர் ஒழுகினால் மஞ்சள் பூத்து உப்பிவிடுகிறது.

பழையதெல்லாம் நிலைக்கும் என்று நான் சொல்லவில்லை. அதுவும் இன்னொரு பொய். ஆத்தங்குடிக் கல்லின் செய்முறையே 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிறந்தது. பர்மா தேக்கும் இத்தாலிய மார்பிளும் செட்டிநாட்டுக்கு வந்திறங்கிய காலத்தில் அது புத்தம்புதுச் சரக்கு. நின்றுகொண்டு சமைக்கும் மேடை நம் வீடுகளுக்குக் கேஸ் அடுப்போடு பரவலாக வந்தது, பிறகு போகவே இல்லை. உட்கார்ந்து ஊதிய முதுகுக்கு அது விடுதலை தந்தது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி, மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை. எடுக்க, கழுவ, நறுக்க எத்தனை அடி நடக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து அமைத்த ஒழுங்கு அது. அந்த ஒழுங்கு நிற்கும். அதன்மேல் ஒட்டும் கண்ணாடிபோல் மின்னும் அக்ரிலிக் கதவு போகும். டப்பா டிவியின் பருமனுக்கென்று ஹாலில் கட்டிய ஷோகேஸ் அந்த டிவியோடு போகவில்லையா? அதேபோல, காற்று வராமல் கண்ணாடியால் மூடிய முற்றமும், பாரம் தாங்காத ஃபைபர் செட்டிநாட்டுத் தூணும், ஆத்தங்குடிப் பூவை அச்சடித்த செராமிக் டைலும் பழமையின் வேஷம் போட்ட ஃபேஷன்தான். அவற்றைக் குறித்து மைத்துனர் சொல்வது சரி.

கடைசியாக வருவது மறுவிற்பனை வாதம். வெளிர் நிற வீடுதான் விலைபோகும் என்கிறார்கள். நம் ஊரில் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மனையும் தெருவும் பத்திரமும். வாங்குகிறவர் குடிவருமுன் எப்படியும் பெயின்ட் அடிக்கப்போகிறார். உள்ளே போட்ட பொருளின் மதிப்பு உண்மையில் தெரிவது வீட்டைப் பிரிக்கும்போதுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தேக்குத் தூண், கதவு, ஜன்னல், எனாமல் பாத்திரம் எல்லாம் அடுத்த வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. ஜிப்சம் சீலிங்கையும் ஈரத்தில் ஊதிய பார்ட்டிகிள் போர்டு அலமாரியையும் அங்கே யாரும் அடுக்கிவைப்பதில்லை. எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுமுன் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, எதற்கு விலை தருவார், எதை அள்ளிப்போகக் கூலி கேட்பார் என்று விசாரித்துக்கொள்ளலாம்.