சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது?



இங்கே மலேசியாவில், ஜெராம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். மகனுக்கு மெல்பர்னில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அம்மா அப்பாவை அங்கேயே கூட்டிக்கொள்ளப் பார்க்கிறான். விசா, வீட்டு விற்பனை, இ.பி.எஃப். சேமநிதிப் பணம் எல்லாவற்றுக்கும் யோசனை சொல்ல ஆள் இருக்கிறார்களாம். ஒன்றுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. "தோட்டத்து மயானத்தில் மாமனார் மாமியார் இருக்கிறார்கள். புல் வெட்டி விளக்கேற்றுவது நாங்கள்தான். இனிமேல் யார் பார்ப்பார்கள்?"

இதைப் படித்ததும் கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்திலுள்ள மாளா என்ற ஊர் நினைவுக்கு வந்தது.

கொச்சி யூதர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதப்பள்ளி என்ற வழிபாட்டுக் கூடத்தைப் பார்க்க இன்றும் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். மட்டாஞ்சேரியில் மட்டுமல்ல, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளா என்று பல ஊர்களில் அவர்கள் வாழ்ந்தார்கள். வீட்டில் பேசியது மலையாளம். 1948-இல் இஸ்ரேல் உருவானதும் போய்விடுவது என்று பெரும்பாலோர் முடிவெடுத்தார்கள்.

முடிவெடுத்தவுடன் போக முடிந்ததா? இல்லை. கொச்சிப் பக்கம் யானைக்கால் நோய் இருந்ததால் இஸ்ரேல் அதிகாரிகள் தயங்கினார்கள். வருஷங்கள் ஓடின. போகப்போகிறோம் என்று வீட்டையும் கடையையும் விற்றுவிட்ட குடும்பங்கள் படாத பாடு பட்டன. விசா கையில் வருமுன் வீட்டை விற்காதீர்கள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

பெரிய கூட்டமாக அவர்கள் கிளம்பியது 1953, 1954, 1955 ஆண்டுகளில்தான். தங்கள் வேதமான தோரா சுருள்களை எடுத்துக்கொண்டார்கள். பெண்கள், தாங்கள் பாடும் மலையாளப் பாட்டுகளை எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டார்கள். கட்டடத்தையும் கல்லறைகளையும் எப்படி எடுத்துப் போவது?

மாளா யூதர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. 1955-இல், கிளம்புவதற்கு முன், ஊர்ப் பஞ்சாயத்தோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். யூதப்பள்ளியும் கல்லறை நிலமும் இனி உங்கள் பொறுப்பு. பள்ளியை வேறு மதத்தின் வழிபாட்டிடமாக மாற்றக் கூடாது. கல்லறைகளைப் பாதுகாக்க வேண்டும். எழுத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பல வருஷம் கழித்து, அந்தக் கல்லறை நிலத்தில் விளையாட்டுக் கட்டடம் எழுப்பப் போனபோது, எதிர்த்து நின்றவர்கள் யார் தெரியுமா? யூதர்களின் வாரிசுகள் அல்ல. மாளாவின் ஊர்க்காரர்கள். அவர்கள் கையில் இருந்தது அந்த ஒப்பந்தம்தான்.

நம் கதைக்கு வருவோம். நம் நாட்டில் 1968-இல் வந்த சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. 1969-க்குப் பிறகு அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. (அடையாள அட்டை) வைத்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இரும்புப் பெட்டி கட்டி, பாத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, கோழியை விற்று, அழுதுகொண்டே போனவர்கள். மயானத்தைப் பற்றி எழுதிவைக்க அவர்களுக்கு நேரம் ஏது? சொல்லிக்கொடுக்கத்தான் யார் இருந்தார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நமக்கு நேரம் இருக்கிறது; எழுதிவைக்க வேண்டியதும் நிறைய இருக்கிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் போடப்பட்டது நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில். பேரே தமிழ்! அதற்கும் முன்பிருந்தே ரப்பர் பால் வெட்டியவர்கள் இந்த வட்டாரத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பல சமாதிகளில் பெயர்கூட அழிந்துவிட்டது.

அதனால் அந்த அம்மாவுக்கு நான் சொல்வது இது. விமான டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மயானத்துக்குப் போங்கள். ஃபோனில் படம் எடுங்கள். யார், எந்த ஊர், எந்த வருஷம் இறந்தார், எந்த மரத்துக்குப் பக்கம் என்று எழுதுங்கள். பக்கத்துச் சமாதி யாருடையது என்று தெரிந்தால் அதையும் சேருங்கள். தோட்டத்துக் கோயில் நிர்வாகத்தைப் பார்த்து, இன்னார் இதைக் கவனிப்பார் என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் கோயிலில், ஒன்று தோட்ட அலுவலகத்தில், ஒன்று மெல்பர்னில்.

அந்தத் தாள் நிலத்தை நமக்குச் சொந்தமாக்காது. தோட்ட நிலம் கம்பெனியுடையது. நாளைக்கு மேம்பாட்டாளர் கைக்கும் போகலாம். ஆனால் இயந்திரம் வந்து நிற்கும் நாளில், "இங்கே யாரும் இல்லை" என்று ஒருவர் சொன்னால், "இருக்கிறார்கள், இதோ பெயர்கள்" என்று எடுத்துக் காட்ட ஒரு தாளாவது வேண்டாமா?

பொறுப்பை ஏற்க அந்த அம்மா பக்கத்து லயத்துத் தம்பி ஒருவரைக் கேட்டிருக்கிறாராம். "அக்கா, உங்க மாமியார் எனக்கும் சோறு போட்டவங்கதானே" என்றாராம் அவர். அந்தத் தம்பியின் பெயரையும் தாளில் மறக்காமல் எழுதுங்கள், அம்மா.

அன்புடன்,
ஆசிரியர்