அல்சூர் ஏரி மீனும் சாக்கடைக் கிருமியும்

2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. சாக்கடை கலந்ததால் தண்ணீரில் பிராணவாயு குறைந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. மீன் செத்தால்தான் நகரத்துக்கு ஏரியின் நினைவே வருகிறது!

சாக்கடை நீரில் உயிர் தப்பும் மீனுக்கும் நிம்மதியில்லை. ஏரோமோனாஸ் என்றொரு பாக்டீரியா உண்டு. நல்ல தண்ணீரிலும் இருக்கும். திடமான மீனை அநேகமாக ஒன்றும் செய்யாது. அழுக்கில் பெருகி, சோர்ந்த மீனைத் தாக்கும். உடலில் சிவந்த புண் தோன்றும், செதில் உதிரும், வயிறு வீங்கும். தவளை, ஆமை, பாம்பையும் விடாது.

காலில் வெட்டுக்காயத்தோடு ஏரியில் இறங்குகிறவருக்கும் புண் சீழ் பிடிக்கலாம். ஏரி மீன் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குகிறவர்கள் புண்ணுள்ளதை ஒதுக்கிவிட வேண்டும். நன்றாக வேகவைத்தால் இக்கிருமி சாகும். சாக்கடையில் வரும் ரசாயனமோ கொதித்தாலும் போகாது.