மதில் பேசும், படமும் பேசட்டும்!

அவனியாபுரத்திலிருந்து மதுரை மாநகர் நோக்கிச் செல்வோர் நாள்தோறும் தெற்குவாசலைக் கடக்கின்றனர். வாசல் என்னும் பெயர் உண்டு, வாசல் இல்லை. கீழவாசலின் நிலையும் அதுவே. நான்கு வெளிவீதிகளும் அகழியும் மதிலும் நின்ற எல்லையை இன்றும் காட்டி நிற்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் எழுப்பிய அப்பெருங்கோட்டையில் 72 கொத்தளங்கள் இருந்தன என்பது வழிவழி வந்த செய்தி. மேலவெளி வீதியில் எஞ்சி நிற்கும் கொத்தளம் ஒன்றே இன்று அதற்குக் கண்கண்ட சான்று.

1834 முதல் 1847 வரை மதுரை ஆட்சித் தலைவராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் நகரை விரிவாக்கும் பொருட்டு மதில் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் வீதிப் பெயர்களாய் நிலைத்தன. பிளாக்பர்னின் நினைவாக விளக்குத்தூண் எழுந்தது.

புகைப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. சென்னை அரசின் புகைப்படக் கலைஞராக விளங்கிய லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரைப் படங்கள் 1858இல் வெளிவந்தன. அவற்றுள் விளக்குத்தூண் இடம்பெற்றது. ஆனால் வெளிமதிலின் பெரும்பகுதி அதற்கு முன்னரே மறைந்துவிட்டது. எனவே, ‘மதுரைக் கோட்டையின் முழுத் தோற்றம்’ என்று ஒரு பழம்படத்தை எவரேனும் நீட்டினால், வியப்பதற்கு முன் ஐயுறுவதே அறிவுடைமை. போர்க்கால வரைபடங்களும் ஓவியங்களும் இருக்கலாம். புகைப்படம் இருப்பது அரிதினும் அரிது.

இவ்வெச்சரிக்கை நமக்கு ஏன் வேண்டும்? இம்மதிலைக் காத்து நின்ற மாவீரர் கான்சாகிபு எனப்படும் யூசுப்கான். 1763இல் ஆங்கிலேயரும் ஆர்க்காட்டு நவாபும் இட்ட முற்றுகை மழைக்காலம் வந்ததும் கைவிடப்பட்டது. 1764இல் நடந்த நேரடித் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. மதிலால் வீழாத அவர், உடனிருந்தோர் செய்த துரோகத்தால் பிடிபட்டு, 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார். மதில் வளைத்தலை உழிஞை என்றும், காத்தலை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை பகுக்கும். அந்நொச்சித் திணைக்கு மதுரை மண் தந்த பிற்கால விளக்கம் அவர் வரலாறு. அத்தகையவர் மீதுள்ள அன்பினால், எங்கோ நின்ற மதிலின் படத்தை அவர் கோட்டை என்று அச்சிடுவது அவருக்குப் பெருமை சேர்க்குமா? பொய்ச்சான்று ஒன்று வெளிப்பட்டால், மெய்ச்சான்றுகளும் ஐயத்திற்கு உள்ளாகும். அவர் காலத்தில் புகைப்படமே இல்லை. எனவே அவர் திருமுகம் என உலவும் எதனையும் புகைப்படச் சான்றாகக் கொள்ள இயலாது.

படத்தைக் கொண்டு கோட்டையை அடையாளம் காண்பது கற்றுக்கொள்ளக்கூடிய கலையே. முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். நீர் நிறைந்த அகன்ற அகழியும் கருங்கல் மதிலும் வேலூரை நினைவூட்டும். மூன்று குன்றுகளை மதில் இணைத்தால் செஞ்சி. திண்டு போன்ற ஒற்றைப் பாறைமீது மதில் ஓடினால் திண்டுக்கல். குன்றைச் சுற்றிச் சுற்று மதில்கள் அடுக்காய் அமைந்தால் திருமயம். மதுரைப் படமெனில் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும்: வடகிழக்கில் யானைமலை, தென்மேற்கில் திருப்பரங்குன்றம், நடுவே கோபுரங்கள்.

அடுத்துக் கட்டுமானம். கல்லா, செங்கல்லா? பீரங்கிக்கான அகன்ற திறப்பா, துப்பாக்கிக்கான குறுந்துளையா? வாயில் நேராக உள்ளதா, பகைவரின் வேகத்தைத் தடுக்க வளைந்து செல்கிறதா? பிற்காலப் பழுதுபார்ப்பு புதிய அடுக்காய்த் தெரிகிறதா? இவை காலத்தை உணர்த்தும். நிழல் திசையை உணர்த்தும். படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கவும் கூடும். டிரைப்பே தம் எதிர்மறைப் படத்தாள்களில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தவர். ஆகவே படமும் ஒரு சாட்சியே. குறுக்கு விசாரணை அதற்கும் உண்டு. படத்தின் கீழுள்ள குறிப்போ, பிறர் எழுதிய வாக்குமூலம் மட்டுமே.

இப்பணி தொல்லியல் துறைக்கே உரியது என ஒதுங்குதல் தகாது. ஊர்ப் பெரியோர் தம் இல்லங்களிலுள்ள பழம்படங்களை வெளிக்கொணர வேண்டும். திருமணத்திற்கோ திருவிழாவிற்கோ எடுத்த படத்தின் பின்னணியில், இன்று மறைந்த சுவரொன்று நின்றிருக்கக் கூடும். மாணவர்கள் அவற்றைப் படியெடுத்து, எடுத்தவர் யார், எப்போது, எங்கிருந்து என்னும் மூன்றையும் எழுதிச் சேர்க்க வேண்டும். விடை கிடைக்காத இடத்தில் ‘அறியப்படவில்லை’ என்று எழுதும் துணிவும் வேண்டும். பின்னர் அப்படத்துடன் அவ்விடத்திற்கே சென்று ஒப்பிட வேண்டும். தமிழ்த்துறையும் வரலாற்றுத் துறையும் கைகோத்தால் இஃது ஓராண்டுப் பணியே.

பீரங்கிக்குத் தப்பிய மதில், கடப்பாரைக்கு இரையாயிற்று. எஞ்சிய நினைவேனும் நம் கவனக்குறைவுக்கு இரையாகாதிருக்கட்டும்.