சாவு வீட்டுக்கு மட்டும் போனால் போதுமா?

தோழர்களே! லயத்தில் ஒரு சாவு என்றால் தோட்டமே திரண்டு வரும். ஆனால், "இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு அந்த வீட்டை எட்டிப் பார்க்கிறவங்க எத்தனை பேர்?

பினாங்கில் தேசியப் புற்றுநோய்ச் சங்கக் கிளை 1992இல் இத்தகைய நோயாளிகளை வீடு தேடிச் சென்று பராமரிக்கும் சேவையைத் தொடங்கியது. இத்தகைய சேவையில் தாதி வலிக்கு மருந்து கொடுப்பார். தொண்டர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத் துணையாக இருப்பார்.

சம்பளம் இல்லாத வேலைக்கு ஏன் வர்றாங்க? பலர் தங்கள் வீட்டிலேயே ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். அன்று நமக்குத் துணை இல்லையே என்ற ஏக்கம்தான் இழுத்து வருகிறது. இது தருமம் அல்ல, கூட நிற்பது. சங்கம் நமக்குக் கற்றுத் தந்ததும் அதுதானே? பதினாறாம் நாள் முடிந்த பிறகும் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாங்க!