ஓய்வு நேரச் சிந்தனை: கழியும் கம்பியும்



நம் சங்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் சென்ற மாதம் கோல் மார்க்கெட்டில் என்னைக் கண்டு நிறுத்தினார். அவர் கையில் காய்கறிப் பை; என் தோளில் நீண்ட மூங்கில் கழி. "ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவருக்கு மூங்கில் எதற்கு? பந்தல் போடும் தொழிலும் தொடங்கிவிட்டீரா?" என்று கேட்டார். நடுத்தெருவில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக அது இல்லை. இம்மாதப் பகுதியில் எழுதுவதாக வாக்களித்துவிட்டு வந்தேன். அந்த வாக்கை இப்போது நிறைவேற்றுகிறேன்.

அந்தக் கழி ஏரியல் கட்டுவதற்காக வாங்கியது. அமெச்சூர் வானொலி என்றொரு கலை உண்டு. அதில் ஈடுபட்டவர்களை உலகெங்கும் ஹாம் என்று அழைக்கிறார்கள். அரசாங்கத்தின் தேர்வில் தேறி, உரிமமும் தனக்கென ஓர் அழைப்புக் குறியும் பெற்றவர், தம் சொந்த வானொலிக் கருவியைக் கொண்டு மற்ற ஹாம்களோடு பேசலாம். வியாபாரம் பேசக்கூடாது, கூலி வாங்கக்கூடாது, நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு விதிகள் இதற்கென்றே வகுக்கப்பட்டன. பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம், வி.யு.2 ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக் குறி. பிரதமருக்கும் குமாஸ்தாவுக்கும் ஒரே காற்றில் சம உரிமை அளிக்கும் பொழுதுபோக்கு வேறு எது இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நான் இதில் இறங்கியது பொழுதுபோக்கிற்காக அன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்கு 14 வயது. காலை ஆறரை மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது; கடல் எழுந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் நம் தமிழ்க் கடற்கரையையும் வாரிக்கொண்டு போயிற்று. என் சித்தப்பா அப்போது குடும்பத்துடன் போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினால் மணியடிக்கும் ஓசைகூட இல்லை. அப்பா நான்கு நாட்கள் தொலைபேசி அருகிலேயே அமர்ந்திருந்தார். அலுவலகம் செல்லவில்லை, சரியாக உண்ணவில்லை. அம்மா மந்திர் மார்க் கோயிலுக்குப் போய் வந்து திருநீறு கொடுத்தால், அதை வாங்கிப் பூசிக்கொண்டு மீண்டும் தொலைபேசியைப் பார்ப்பார். நான்காம் நாள் மாலை மணி அடித்தது. சித்தப்பாவின் குரல்தான். "எல்லோரும் இருக்கிறோம், அண்ணா" என்ற அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

அதே நாட்களில் அதே போர்ட் பிளேரிலிருந்து ஒரு பெண்மணியின் குரல் உலகெங்கும் கேட்டுக்கொண்டிருந்தது என்பதைப் பின்னால் பத்திரிகைகளில்தான் படித்தேன். அவர் நம் டில்லியைச் சேர்ந்த திருமதி பாரதி பிரசாத். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவோடு அம்மாதத் தொடக்கத்தில் அந்தமான் சென்றிருந்தார். அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் ஒலிபரப்பு நடத்த அரசின் அனுமதி கிடைப்பது அரிது. ஆகவே அவருடைய வி.யு.4 ஆர்.பி.ஐ. என்னும் அழைப்புக் குறியைப் பிடிப்பதற்கு உலகத்து ஹாம்கள் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் பொங்கிய அன்று அந்த விளையாட்டு நின்றது. தொலைபேசிகள் ஊமையாகிப்போன தீவுகளிலிருந்து, இன்னார் உயிருடன் இருக்கிறார், இன்னாரைத் தேடுகிறார்கள் என்ற செய்திகளை அவரும் தோழர்களும் நிலப்பகுதிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். குழுவினர் சிலர் பேரழிவுக்கு ஆளான கார் நிக்கோபாருக்கும் கருவியுடன் சென்றார்கள். எத்தனையோ வீடுகளில் எங்கள் அப்பாவைப் போல் காத்திருந்தவர்களுக்கு அந்தச் செய்திகள் சென்று சேர்ந்திருக்கும்.

அதைப் படித்த அன்றே, இந்த வித்தையைக் கற்க வேண்டும் என்று தீர்மானித்தேன். பள்ளிப்படிப்போடு வேலைக்கு வந்தவன் என்பதால் மின்சாரப் பாடத்தைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. உரிமம் வழங்கும் அலுவலகமோ நமக்கு வெகு அருகில், அசோகா சாலையில் உள்ள சஞ்சார் பவனில் இருக்கிறது. தேர்வெழுதி, காத்திருந்து, உரிமம் பெற்றேன்.

இனி கழிக்கும் கம்பிக்கும் வருகிறேன்.

கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் ஏரியல் சரியில்லையேல் அது வெறும் பெட்டிதான். மாறாக, நல்ல ஏரியல் இருந்தால் 10 வாட் சக்தியே நாட்டின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்குப் போதும். பேரிடர் காலத்தில் மாடியில் நிலையாக நிற்கும் ஏரியல் முதலில் விழுந்துவிடும். அப்போது ஒரு பையில் எடுத்துச் சென்று, வெட்டவெளியில் அரைமணியில் கட்டக்கூடிய ஏரியல்தான் உதவும். அதற்கு மிக எளியது தலைகீழ் 'வி' வடிவ ஏரியல். ஒரு கழி, இரண்டு துண்டுக் கம்பி, ஒரு கேபிள், சிறிது கயிறு, இவ்வளவே தேவை. கம்பியையும் கேபிளையும் செங்கோட்டை எதிரில் உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டில் வாங்கினேன்.

கம்பியின் நீளத்திற்கு ஒரு கணக்கு உண்டு. 468 என்ற எண்ணை, பேசப்போகும் அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும்; அதிர்வெண் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இருக்க வேண்டும். விடை, மொத்தக் கம்பியின் நீளம் அடிக் கணக்கில் கிடைக்கும். பகலில் தொலைதூரம் பேச ஏற்றது 14.2 மெகாஹெர்ட்ஸ். 468ஐ 14.2 ஆல் வகுத்தால் 33 அடி. அதைச் சரிபாதியாக்கி, பக்கத்துக்குப் பதினாறரை அடி வைத்துக்கொள்கிறோம். கேபிளின் நடுக்கம்பியை ஒரு துண்டுடனும், மேல் வலையை மற்றொன்றுடனும் இணைத்து, அந்த இணைப்பைக் கழியின் உச்சியில் ஏற்றவேண்டும். இரு முனைகளையும் கயிற்றால் இரு புறமும் இழுத்துத் தறியில் கட்டவேண்டும். உச்சியில் இரு கம்பிகளுக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகைக்குக் குறையலாகாது. இணைப்புக்குக் கீழே கேபிளை ஏழெட்டு வளையமாகச் சுற்றிக் கட்டினால், கேபிளின் மேல்வலை வழியே அலை திரும்பி வந்து தொல்லை தருவது குறையும்.

இத்துடன் முடிந்துவிட்டதென்று எண்ணித்தான் நான் ஏமாந்தேன். சென்ற ஜனவரியில் முதல் தடவையாக வெளியூரில் கட்டிப் பார்க்கப் புறப்படுமுன், வீட்டு மொட்டை மாடியிலேயே ஏரியலைச் சுருதி சேர்த்துவிடுவோம் என்று தோன்றிற்று. அதற்கென ஒரு மீட்டர் இருக்கிறது. அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஏரியலில் ஏறாமல் திரும்பி வருகிறது என்பதை ஒரு விகிதமாக அது காட்டும். ஒன்றுக்கு ஒன்று என்றால் உத்தமம். இரண்டுக்கு ஒன்று என்றால் நூற்றுக்கு 11 பங்கு திரும்புகிறது. மூன்றுக்கு ஒன்று என்றால் 25 பங்கு திரும்புகிறது. மாடியில் கம்பி நீளமாக இருப்பதாக மீட்டர் சொல்லிற்று. பக்கத்துக்கு அரை அடி வெட்டினேன். ஒன்றுக்கு ஒன்றை நெருங்கியது. திருப்தியுடன் சுருட்டிப் பையில் வைத்தேன்.

ஞாயிறன்று அதிகாலையில், அரியானாவில் சோனாவை அடுத்த ஒரு நண்பரின் வயலுக்குச் சென்றோம். உரிமத்தில் குறித்த இடத்தைவிட்டு வெளியே நிலையம் அமைக்க விதிகள் உண்டு. அவற்றை முன்னதாகவே நிறைவேற்றியிருந்தேன். அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவனும் உடன் வந்தான். "நானும் வருகிறேன்" என்று அப்பாவும் கிளம்பியது எனக்கு வியப்பாக இருந்தது. கைக்குக் கை செல்போன் இருக்கும் காலத்தில் இந்தப் பெட்டிக்குப் பணம் செலவழிக்கிறேனே என்று பல மாதங்களாக அவருக்கு மனக்குறை.

கடுகு பூத்து மஞ்சளாய்க் கிடந்த வயலின் வரப்பில் 22 அடிக் கழியை நிறுத்தினோம். அப்பா கழியைப் பிடித்துக்கொண்டார். சிறுவன் கயிற்றை இழுத்தான். தமிழ்நாடு நமக்குத் தெற்கே இருப்பதால் கம்பியைக் கிழக்கு மேற்காக நீட்டினோம். கம்பிக்குக் குறுக்கான திசையில்தான் அலை சற்று ஓங்கிச் செல்லும். கருவியை இயக்கினால் மீட்டர் முள் இரண்டரையில் போய் நின்றது. பலமுறை அழைத்தும் பதில் இல்லை. இணைப்புகளைச் சோதித்தேன், பழுதில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

பிறகு நிதானமாக, அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்த சக்தியில் ஒரு கணம் மட்டும் அனுப்பி அளந்தேன். மேலே போகப் போக முள் இறங்கிற்று. எனக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை முடியும் வரை இறங்கிக்கொண்டே இருந்தது. கம்பி குட்டையாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அப்போதுதான் காரணம் புரிந்தது. மாடியில் இரும்புக் கைப்பிடியும் தண்ணீர்த் தொட்டியும் கம்பிக்கு அருகில் இருந்தன. அருகில் இரும்பு இருந்தால் கம்பி உள்ளதைவிட நீளமானதுபோல் நடந்துகொள்ளும். அதை நம்பி 33 அடியை 32 அடியாக வெட்டிவிட்டேன். வெட்டவெளியில் இரும்பில்லை, ஆகவே கம்பியின் உண்மை உருவம் வெளிப்பட்டது. 468ஐ 32 ஆல் வகுத்துப் பார்த்தேன், 14.6 வந்தது. கணக்கும் மீட்டரும் ஒத்துப்போயின.

வெட்டிய கம்பி வளராது. என் பையிலோ மாற்றுக் கம்பி இல்லை. "மாமா, இது ஆகுமா?" என்று சிறுவன் நீட்டினான். கழியைச் சுற்றிக் கட்டுவதற்காகக் கொண்டுபோயிருந்த பழைய மின்கம்பித் துண்டு. அதையே இரண்டாக்கி, பக்கத்துக்கு ஐந்தரை அங்குலம் வீதம் முனைகளில் முறுக்கி இணைத்தோம். மீட்டர் முள் ஒன்றேகாலுக்கு இறங்கிவிட்டது.

மீண்டும் அழைத்தேன். மூன்றாவது அழைப்பிற்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் பதில் சொல்லிற்று. தெளிவு ஐந்துக்கு ஐந்து, வலிமை ஒன்பதுக்கு ஏழு என்று என் ஒலிக்கு மதிப்பெண் கொடுத்தார். இடையில் கோபுரம் இல்லை, கம்பித் தொடர் இல்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் உள்ள தூரத்தை, வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை கடந்தது. இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் ஒரு மூங்கிலும் 12 வோல்ட் பேட்டரியும்தான். உரிமம் இல்லாதவர் பேசலாகாது என்பதால் அப்பா கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பேச்சு முடிந்தபின், "போர்ட் பிளேருக்கும் கேட்குமா?" என்றார். "கம்பியை வடகிழக்கு தென்மேற்காகத் திருப்பிக் கட்டினால் இன்னும் நன்றாகக் கேட்கும்" என்றேன். அவர் எழுந்து சென்று தறியைப் பிடுங்கத் தொடங்கினார். அன்று அந்தமானிலிருந்து எவரும் பதில் தரவில்லை. ஆயினும் மாலை வரை அவர் கழியை விட்டு நகரவில்லை.

அன்று நான் கற்றது இதுதான்: ஏரியலை எங்கே கட்டுகிறோமோ அங்கேயே சுருதி சேர்க்கவேண்டும். முதலில் கம்பியை வெட்டாதீர்கள். முனையை மடித்து முறுக்கிப் பாருங்கள். நீளம் போதவில்லை என்றால் பிரித்துக்கொள்ளலாம். மாற்றுக் கம்பி பத்தடியாவது பையில் இருக்கட்டும்.

மூன்று எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, மின்சாரக் கம்பிகளுக்கு அருகில் கழியை நிறுத்தாதீர்கள். கழி சாய்ந்தாலும் எட்டாத தூரம் இருக்கவேண்டும். எங்கள் இருப்புப்பாதையின் மேல் ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே உயிர் போய்விடும். இரண்டாவது, இடி மின்னலின்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். மூன்றாவது, பேசும்போது கம்பியின் முனைகளில்தான் மின்னழுத்தம் அதிகம்; குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் அவற்றைக் கட்டுங்கள்.

நாம் ஊரைவிட்டு வெகு தூரம் வந்து குடியேறியவர்கள். நம் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு தாயோ தமையனோ இருக்கிறார். நம் கடற்கரையோ புயலுக்குப் புதியதன்று. டில்லியும் நிலநடுக்கத்திற்கு அஞ்சவேண்டிய ஊர்தான். செல்போன் கோபுரங்களுக்கு மின்சாரம் வேண்டும். அவை ஓய்ந்துவிட்டால் நம் கையிலுள்ள கருவி கைவிளக்காக மட்டுமே பயன்படும். பேரிடர் காலத்தில் பிறருடைய செய்திகளை எடுத்துச் செல்ல ஹாம்களுக்கு விதிகள் இடம் தருகின்றன. ஆனால் செய்தியை எடுத்துச் செல்லத் தெரிந்தவர் அப்போது நம்மிடையே இருக்கவேண்டும் அல்லவா? பேரிடர் வந்தபின் கற்றுக்கொள்ள நேரம் இராது.

எனவே சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில், பெண் குழந்தைகள் உட்பட, மின்சாரத்தில் ஆர்வமுள்ளவர்கள் இருந்தால் இந்தத் தேர்வை எழுதச் சொல்லுங்கள். பாடம் சொல்லித்தர ஞாயிறு மாலைகளில் நான் ஆயத்தமாக இருக்கிறேன். சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்தால் போதும். கழி என்னிடம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள ஆளும் இருக்கிறார்.