சாரல் காலமும் சாப்பாட்டுக் கடையும்

சாரலை அனுபவிக்கக் குற்றாலத்துக்கு வருகின்ற ஜனத்திரளை, இன்று வந்து நாளை போகிறவர்கள்தானே என்று கருதி, ஆறிய சோற்றுக்கும் நீர்த்த குழம்புக்கும் வாய்க்கு வந்த விலையைச் சொல்லுகின்ற கடைகளை நினைத்தால் மனம் வருந்துகிறது; அருவியில் நெடுநேரம் நீராடியவனுக்கு எழுகின்ற பசி சாமானியமானதன்று.

அங்கிருந்து சிறிது தூரத்திலேயே, செங்கோட்டை 1956-இல் தமிழகத்தோடு இணையும் வரையில் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தமையால் இன்றும் ‘பார்டர்’ என்று வழங்கப்படுகின்ற பிரானூரில், வாழையிலையில் சுடச்சுடப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது ஊறும்படி சால்னாவை ஊற்றி, பக்கத்தில் நாட்டுக்கோழி வறுவலையும் வைக்கின்ற கடைகள் நியாயமான விலையில் உயர்ந்த ருசியைத் தருவதற்குக் காரணம், ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லம் செல்லும் லாரிக்காரர்களும் சுற்றுவட்டாரத்து ஜனங்களும் அருவி வற்றிய மாதங்களிலும் அங்கே உண்பதும், பக்குவம் சற்றுக் குன்றினாலும் அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பிரக்ஞை முதலாளிக்கு இருப்பதுமேயாகும் என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய நிலையான வாடிக்கை அருவிக்கரைக் கடைகளுக்கு இல்லாமையால், அவை விலைப்பட்டியலை வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும். குழந்தை குட்டிகளோடு வருகின்ற எளிய குடும்பத்துக்கு, இலையின் முன் அமர்வதற்கு முன்பே, அந்தச் செலவு தன் சக்திக்கு உட்பட்டதா என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.