பால்வாடியா, எல்.கே.ஜி.யா?



காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டைப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் நம் முன் இருக்கிறது. கணவர் பட்டு ஜவுளிக் கடையில் சிப்பந்தி. மகனுக்கு வரும் ஜூனில் மூன்று வயது நிறைகிறது. வீட்டில் பேசுவது உருது. தெருமுனையில் ஓர் அங்கன்வாடி; பேருந்துகள் ஓடும் சாலையைக் கடந்தால் அரசு நடுநிலைப் பள்ளியில் எல்.கே.ஜி.; அதற்கும் அப்பால், கழுத்தில் டை கட்டி அனுப்பும் தனியார் நர்சரி. "பால்வாடிக்கு அனுப்பினால் உறவினர் ஏளனம் செய்கின்றனர். நர்சரிக்கு அனுப்பினால் கடன்பட வேண்டும். என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

கடன்பட்டு நர்சரிக்கு அனுப்புவதை நாம் முதலிலேயே விலக்கிவிடுகிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு உண்டு; விண்ணப்பித்துப் பார்க்கலாம். ஆனால் 2014இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்த ஒதுக்கீடு கட்டுப்படுத்தாது. நம்மவர் பள்ளியில் நிச்சயம் கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

எஞ்சியவை இரண்டும் அரசினுடையவை. இவற்றுள் எது மேல்?

நாடு முழுவதற்குமான குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இரண்டு வயதுக் குழந்தையும் அதில் சேர்ந்தது. அன்றிலிருந்து பால்வாடி என்றாலே சோறு போடுமிடம் என்பது நம் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. சோறும் வாரம் மூன்று நாள் முட்டையும் ஏளனத்துக்குரியவை அல்ல; எடை போட்டுக் குறித்துவைப்பதும் அவ்வாறே. எந்த நர்சரியில் பிள்ளையை எடை போடுகிறார்கள்? அதற்கு மேல், 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் அங்கன்வாடிக்கு உண்டு. அது சுவரில் தொங்குகிறதா, பிள்ளைகளிடம் வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

எல்.கே.ஜி.யின் கதை வேறு. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடிகளில் இவ்வகுப்புகள் தொடங்கப்பட்டன. உபரியாயிருந்த இடைநிலை ஆசிரியர்களை இவற்றுக்கு அனுப்பினர். பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் பயின்றவர்கள், மூன்று வயதுப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட வேண்டியதாயிற்று. பலர் மனமில்லாமலே வந்தனர். 2022 ஜூனில் இவ்வகுப்புகள் பள்ளிகளில் நடவா என்ற அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அது மாற்றப்பட்டு, சிறப்பாசிரியர்களைத் தற்காலிகமாக அமர்த்தி நடத்துவதென முடிவாயிற்று. ஆகவே எல்.கே.ஜி. என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். இந்த ஆண்டு அங்கே ஆசிரியை இருக்கிறாரா, சென்ற ஆண்டிலிருந்தவர்தாமா என்று விசாரியுங்கள்.

நம் கருத்தில், ஒப்பிட வேண்டியது பெயரையோ கட்டடத்தையோ அன்று. குழந்தையோடு பேசுவதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையே. இதற்குச் சான்றும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கார்த்திக் முரளிதரன் முதலான பொருளியல் அறிஞர்கள் நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, பாதி மையங்களில் மட்டும் அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினர். கற்பிக்கும் நேரம் இரு மடங்காயிற்று. ஒன்றரை ஆண்டில் அப்பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்ற மையத்துப் பிள்ளைகளை முந்தினர். வளர்ச்சி குன்றியோர் தொகையும் அங்கே குறைந்தது. புதிய கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. கூடுதலாக வந்தவை இரண்டு கைகள்தாம்.

அந்தக் கைகள் இல்லாத இடத்தில் என்ன நேர்கிறது? பணியாளர் ஒருவர், சமைக்க உதவியாளர் ஒருவர். பணியாளருக்குப் பதிவேடுகள், 2021 முதல் 'போஷன் டிராக்கர்' என்று கைப்பேசியிலும் பதிய வேண்டும், வாக்காளர் பட்டியல் வேலை வேறு பலருக்கு. அவர்மீது குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

எனவே சகோதரி, முட்டை போடாத ஒரு நாளில், முன்னறிவிப்பின்றி, காலை பதினொரு மணிக்கு இரண்டு இடங்களுக்கும் சென்று அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா, கைகட்டி அமர்ந்திருக்கிறார்களா? பணியாளர் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா? கழிவறையில் தண்ணீர் இருக்கிறதா?

உங்கள் மகனுக்கு இதில் இன்னொரு தேவையும் உண்டு. தமிழ் கட்டாயப் பாடம் என்று 2006இல் சட்டம் வந்தபின், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் பலர் முதல் வகுப்பில்தான் தமிழை முதன்முதலாகச் சந்தித்துத் திணறினர். மூன்று வயதில் அக்கம்பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளோடு மணலில் விளையாடிக் கற்கும் தமிழைப் பின்னர் எந்த டியூஷனும் தராது. உருதுவை வீட்டில் நீங்கள் விடாமல் பேசிவாருங்கள். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

மஹல்லாப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்தும் அங்கன்வாடி இல்லாத கிராமமோ குடிசைப் பகுதியோ கேட்டால், மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13இல் ஆணையிட்டது. ஜும்ஆ முடிந்தபின் பத்து நிமிடம் ஒதுக்கினால் பிள்ளைகளின் கணக்கை எடுத்துவிடலாம்.

தெருமுனை மையத்தின் பணியாளர் உங்கள் மகனை இப்போதே பெயர் சொல்லி அழைக்கிறார் என்றும், அறைதான் இருட்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாமாயிருந்தால் அங்கேயே சேர்ப்போம். இருட்டறைக்கு ஒரு விளக்கும் ஜன்னலும் வேண்டுமென்று நாலைந்து தாய்மார் சேர்ந்து மாநகராட்சிக்கு மனுக் கொடுங்கள். விளக்கு வந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.